இருபது குதிரைகளுக்கு இத்தனை விலையா?

அமெரிக்காவில் பழைய செஸ்னா 172 விமானம் வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு வாதம் வேதவாக்கு மாதிரிப் புழங்குகிறது. எஞ்சின் 2,000 மணி நேரத்தை நெருங்கியதும் பக்கத்து ஹேங்கர்காரரும் மெக்கானிக்கும் கூடச் சேர்ந்து பறக்கும் நண்பர்களும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். “எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள்? பழைய 160 குதிரைத்திறனையே ஏன் திரும்பப் போடுகிறீர்கள்? கூடக் கொஞ்சம் போட்டு 180 ஆக்கிவிடுங்கள்.” யானையே வாங்கியாயிற்று, அங்குசத்துக்கா யோசிப்பது என்பதுதான் இதன் சாரம்.

இந்தக் கட்சியை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வது நான்கு. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கே பெரும்பணம் போகிறது, அதற்குமேல் ஆகும் வித்தியாசம் சிறியது. விமானம் வேகமாகும். சீக்கிரம் மேலேறும் விமானம் பாதுகாப்பானது. விற்கும்போது போட்ட பணம் திரும்பி வரும். நான்கும் காதுக்கு இனிமையானவை. இதில் ஒன்றே ஒன்று பாதி உண்மை. மற்ற மூன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஒரு விமானத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். 1977-இல் வெளிவந்த செஸ்னா 172-என். லைகமிங் ஓ-320 ரகத்தில் நான்கு சிலிண்டர், 160 குதிரைத்திறன். அதிகபட்ச எடை 2,300 பவுண்டு. கையேட்டின்படி 8,000 அடி உயரத்தில், 75 சதவீத சக்தியில், 122 நாட் வேகம். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 770 அடி ஏற்றம். பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 40 கேலன். இதில் லைகமிங் ஓ-360 என்ற 180 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த கேன்சஸ் மாநிலத்து ஏர் பிளெய்ன்ஸ், நியூயார்க் மாநிலத்து பென் யான் ஏரோ போன்ற நிறுவனங்கள் அனுமதிச் சான்றிதழ் வைத்திருக்கின்றன. ஆகவே செய்ய முடியுமா என்பது கேள்வியே இல்லை. முடியும். செய்யத்தான் வேண்டுமா?

1. எப்படியும் செலவழிக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

முழு வாதமும் இந்த ஒரு ஆணியில் தொங்குகிறது. 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷத்தில் ஓவர்ஹால் என்பது லைகமிங் நிறுவனத்தின் பரிந்துரை. வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டாமல், சொந்தத்துக்குப் பறக்கும் தனியாருக்கு அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. வருஷாந்திரச் சோதனையில் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதுதான் சட்டம் கேட்பது. மணிக்கணக்கைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள் என்று விமானப் பராமரிப்பு நிபுணர் மைக் புஷ் போன்றவர்கள் பல வருஷங்களாக எழுதியும் பேசியும் வருகிறார்கள்.

நிலையைப் பார்ப்பது என்றால் குத்துமதிப்பாகச் சொல்வது இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளை வழியாகச் சின்னக் கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்க்கிறார்கள். நல்ல வால்வில் கரிப்படிவு நடுவிலிருந்து வட்டம் வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். எரியத் தொடங்கிய வால்வில் அந்த வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் நிறம் மாறியிருக்கும். பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பான தாளைப் பிரித்து வெயிலில் காட்டிப் பார்ப்பார்கள். மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தை வைத்து அது இரும்பா என்று சோதிப்பார்கள். வால்வும் ஃபில்டரும் சுத்தம், அமுக்கச் சோதனையும் சரி என்றால் அந்த எஞ்சின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். மீட்டரில் வட்டமான ஓர் எண் வந்ததற்காக அதைக் கழற்றி வைப்பவர் நல்ல எஞ்சினைத்தான் கழற்றி வைக்கிறார்.

ஆகவே ஒப்பிட வேண்டியது “ஓவர்ஹால் செலவு” எதிர் “பெரிய எஞ்சின் செலவு” மட்டும் இல்லை. மூன்றாவது வழியும் இருக்கிறது. இன்றைக்கு எதையும் செய்யாமல் தொடர்ந்து பறப்பது. பெரிய எஞ்சின் கட்சி அந்த வழியைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

2. வித்தியாசம் சிறியது என்றால், எதையெல்லாம் கூட்டினீர்கள்?

சரி, எஞ்சின் உண்மையிலேயே ஓய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு எஞ்சின்களின் விலையை மட்டும் கழித்துப் பார்ப்பது கணக்காகாது. பழைய புரொப்பெல்லர் புது எஞ்சினுக்கு ஆகாது. 180-க்கென்று சான்று பெற்றது வேண்டும், அது தனியாகச் சில ஆயிரம் டாலர். சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளும் அவற்றின் ரப்பர் விளிம்புகளும் புதிதாக வரும். ஆயில் கூலர், ஹோஸ், கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். மாடலைப் பொறுத்து மவுண்டும் எக்ஸாஸ்ட் குழாயும் மாறலாம். பழைய எஞ்சினைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், வேறு ரகத்து எஞ்சினுக்கு முழுக் கழிவு பெரும்பாலும் கிடைக்காது.

அதற்கு மேல் காகிதம். சான்று பெற்ற விமானத்தில் இஷ்டப்பட்ட எஞ்சினைப் பூட்ட முடியாது. எஸ்.டி.சி. என்ற துணை வகைச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் பணம் கட்டி உரிமை வாங்க வேண்டும். சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் படிவம் 337-இல் கையெழுத்துப் போட்டு, அதன் பிரதி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவகத்துக்குப் போக வேண்டும். எடை, சமநிலைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பறப்புக் கையேட்டில் இணைப்பு சேர வேண்டும். அந்த விமானத்தில் ஏற்கனவே வேறு மாற்றங்கள் செய்திருந்தால், அவையும் இதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொருத்துகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை.

பழைய எஞ்சினையே ஓவர்ஹால் செய்து திரும்ப மாட்டினால் இதில் முக்கால்வாசி வேலை இல்லை. பழைய புரொப்பெல்லர் நல்லபடி இருந்தால் அதே போதும், பழைய காகிதமும் போதும். உழைப்பு மணி நேரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் எளிதில் இருபதாயிரம் டாலரைத் தொடும். கீழே வரும் கணக்குக்காக 25,000 என்று வைத்துக்கொள்கிறேன். அங்குசம் யானை விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் யோசிக்கத்தான் வேண்டும்.

3. வேகம் எங்கே?

காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஆகும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி தேவை. திருப்பிப் பார்த்தால், சக்தியைப் பன்னிரண்டரை சதவீதம் கூட்டினால் வேகம் 4 சதவீதம்தான் கூடும். 160-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அந்தப் பன்னிரண்டரை சதவீதம். 122 நாட் ஏறத்தாழ 127 ஆகும். இதுகூடத் தாராளமான கணக்கு. செஸ்னாவே தொழிற்சாலையில் 180 குதிரைத்திறன் வைத்துக் கட்டும் 172-எஸ் மாடலுக்குக் கையேடு தரும் வேகம் 124 நாட். பழைய கையேடுகளின் எண்கள் கொஞ்சம் தாராளம் என்பார்கள். இருக்கட்டும், 127 என்றே வைத்துக்கொள்வோம்.

300 கடல் மைல் பயணம். பழைய எஞ்சினில் 2 மணி 27 நிமிடம். புதியதில் 2 மணி 22 நிமிடம். ஐந்தாறு நிமிடம் மிச்சம். தரையில் ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது முன்னால் ஒரு விமானம் நின்றிருந்தால் அந்த மிச்சம் அங்கேயே போய்விடும்.

இதற்கு விலை போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 80 மணி நேரம் பறப்பவர், 12 வருஷத்தில் 960 மணி நேரம் பறப்பார். அதில் 4 சதவீதம் மிச்சம் என்றால் 38 மணி நேரம். மணிக்கு 8.4 கேலன் குடித்த இடத்தில் இப்போது அதே விகிதத்தில் 9.5 கேலன். பறக்கும் நேரம் குறைந்ததைக் கழித்தாலும் பன்னிரண்டு வருஷத்தில் ஏறத்தாழ 700 கேலன் கூடுதல். கேலன் 6 டாலர் என்றால் 4,200 டாலர். எஞ்சின் வித்தியாசமும் இதுவும் சேர்ந்து 29,000-க்கு மேல். மிச்சப்படுத்திய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நீங்கள் கொடுத்த விலை சுமார் 760 டாலர்! அவசரமாகப் போக வேண்டியவர் செஸ்னா 172 வாங்கியதே முதல் தப்பு.

4. தூரம் குறைவதை ஏன் யாரும் சொல்வதில்லை?

எஞ்சின் பெரிதானது, டாங்க் பெரிதாகவில்லை. 40 கேலனில் முக்கால் மணி நேர இருப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழைய எஞ்சின் நான்கு மணி நேரம் ஓடி 489 கடல் மைல் போகும். புது எஞ்சின் அதே 75 சதவீதத்தில் மூன்றரை மணிக்குள் 440 கடல் மைலில் நின்றுவிடும். அந்தக் கடைசி ஐம்பது மைலுக்குள் இருந்த விமான நிலையங்கள் கை நழுவிப் போகின்றன. நடுவில் ஒருமுறை இறங்கிப் பெட்ரோல் போட நேர்ந்தால் அரை மணி போய்விடும். மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் அதோடு காலி.

“திராட்டிலைக் குறைத்து ஓட்டினால் பழைய தூரம் கிடைக்குமே” என்பார்கள். கிடைக்கும், பழைய வேகத்தில். அப்படியானால் இருபத்தைந்தாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய சக்தியைப் பயன்படுத்தாமல் ஓட்டுவதற்குப் பெயர் என்ன?

5. பாதுகாப்பு என்ற பிரம்மாஸ்திரத்தை எடுத்துப் பார்ப்போம்.

எதிர்க்கட்சி பாதி ஜெயிக்கும் இடம் இதுதான். ஏற்றத்துக்கு உதவுவது மொத்தச் சக்தி இல்லை, மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மீதமிருக்கும் உபரி. அந்த உபரி சின்னது என்பதால் இருபது குதிரைகூட அதில் பெரிய பங்காகிறது. புரொப்பெல்லரில் போகும் நஷ்டம் போக நிற்பது பதினான்கு, பதினைந்து குதிரை. 2,300 பவுண்டு விமானத்தை அது நிமிடத்துக்கு 200 அடி கூடுதலாகத் தூக்கும். 770 அடி 970 ஆகும். கால் பங்கு முன்னேற்றம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த உபரியை வைத்துக்கொள்ள யாராவது விடுகிறார்களா? 172-என்னுக்கான 180 குதிரைத்திறன் மாற்றத்தோடு அதிகபட்ச எடையை 2,550 பவுண்டாக உயர்த்தும் அனுமதியும் கிடைக்கிறது. அதற்கு ஈடாக இறக்கையின் ஃபிளாப்பை 40 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியோடு நிறுத்த வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது இந்த 250 பவுண்டுதான். கூடுதல் எடை அனுமதியைக் கையில் வாங்கியவர் பின் இருக்கையைக் காலியாக விடுவாரா? தொழிற்சாலை 172-எஸ் இதற்குச் சாட்சி. 180 குதிரைத்திறன், 2,550 பவுண்டு, ஏற்றம் நிமிடத்துக்கு 730 அடி. 160 குதிரைத்திறனும் 2,300 பவுண்டும் கொண்ட பழைய 172-என் அதைவிட 40 அடி அதிகம் ஏறுகிறது! இருபது குதிரையைச் சேர்த்து, சுமையையும் சேர்த்தால், பாதுகாப்பு இருந்த இடத்தைவிடக் கீழே போகிறது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் சிறு விமான விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு விமானியின் முடிவோ கைத்தவறோ காரணம் என்று விமானப் பாதுகாப்பு அறிக்கைகள் வருஷாவருஷம் சொல்கின்றன. மேகத்துக்குள் நுழைவது, பெட்ரோல் தீரும்வரை ஓட்டுவது, தாழ்வாகத் திரும்பும்போது வேகத்தை இழப்பது. இவற்றில் எதை இருபது குதிரை தடுக்கும்? தோள்பட்டை பெல்ட்டுக்கும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கும், ஒரு நல்ல பயிற்றுநரோடு பறக்கும் மணி நேரங்களுக்கும் இந்தப் பணத்தில் சிறு பங்கு போதும். அவற்றைப் பற்றி ஹேங்கரில் யாரும் ஆசையோடு பேசிக் கேட்டதில்லை.

6. புதுசு என்றால் நம்பகமானது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கடலோர விமானப்படையில் ஆய்வு செய்த உயிரியல் அறிஞர் வாடிங்டன் கண்டது இன்றும் பலருக்கு நம்பமுடியாமல் இருக்கிறது. லிபரேட்டர் விமானங்களில் ஒவ்வொரு 50 மணி நேரச் சோதனை முடிந்த கையோடு திடீர்ப் பழுதுகள் கூடின, பிறகு பறக்கப் பறக்கக் குறைந்தன. பழுது வராமலிருக்கச் செய்த வேலையே பழுதைக் கொண்டுவந்தது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு இணைப்பும் தப்பு நடக்க ஒரு வாய்ப்பு. முறுக்கு குறைந்த ஒரு நட், சரியாக உட்காராத ஒரு ஹோஸ், மறந்துபோன ஒரு பூட்டுக் கம்பி. வெறும் சோதனையிலேயே இந்தக் கதை என்றால், ஃபயர்வாலுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் மாற்றினால்?

எஞ்சினைத் தின்பது பெரும்பாலும் ஓட்டம் இல்லை, சும்மா நிற்பது. லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே, கிராங்க்ஷாஃப்டுக்கு மேற்புறம் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அதன்மேல் உள்ள எண்ணெய் வழிந்துவிடும். வாரக்கணக்கில் ஹேங்கரில் கிடந்தால் கேமின் முகட்டில் துரு பிடிக்கும். அடுத்தமுறை ஓடும்போது அந்தத் துருப்புள்ளி பள்ளமாகும், பள்ளத்திலிருந்து உதிரும் துகள்தான் ஃபில்டரில் மின்னும். 172-என்னில் வந்த ஓ-320 எஞ்சினின் எச்2ஏடி ரகம் இந்த வகையில் பெயர் கெட்டது, ஆயிலில் தனிக் கலவை சேர்க்கச் சொல்லி அரசு உத்தரவே வந்தது. அது உண்மை. ஆனால் மாதம் இருமுறை பறக்காதவர் கையில் 180-க்கும் அதே கதிதான். 180-க்கும் கேம் மேலேதான் இருக்கிறது.

7. விற்கும்போது திரும்பி வருமாம்.

யாரிடமிருந்து? அதிகச் சக்தி வேண்டுபவருக்குச் சந்தையில் 172-எஸ் இருக்கிறது, 230 குதிரைத்திறனோடு பழைய செஸ்னா 182 இருக்கிறது. அவற்றில் சக்தியோடு இறக்கையும் டாங்க்கும் எடைக் கணக்கும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதிகச் சக்தி வேண்டாதவர் உங்கள் இருபது குதிரைக்கு ஏன் பணம் தருவார்? கொஞ்சம் திரும்பி வரும். போட்டதெல்லாம் வரும் என்பது ஆசை.

மாற்று எஞ்சினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காகிதம் கொடுத்த நிறுவனம் படுத்துவிட்டால் விமானமும் படுத்துவிடும். ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம் செஸ்னா 172-க்கு டீசல் எஞ்சின் சான்றிதழ் வைத்திருந்தது. ஐரோப்பியப் பயிற்சிப் பள்ளிகள் பலவும் வாங்கின. பெட்ரோல் செலவு மிச்சம் என்பதுதான் அன்றைய வேதவாக்கு. அந்த எஞ்சின் ஓவர்ஹாலுக்கு உரியதும் அல்ல, குறிப்பிட்ட நேரம் ஓடியதும் முழுதாக மாற்ற வேண்டியது. 2008 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. கொடுத்திருந்த உத்தரவாதங்கள் நின்றன, உதிரிபாக விலை ஏறியது, விமானங்கள் ஹேங்கரில் நின்றன. தொழிலை வேறு கை வாங்கி நடத்தியது பிற்பாடு நடந்த கதை. நடுவில் மாதக் கடன் கட்டியவருக்கு அது ஆறுதலாகாது. ஓ-360-க்கு அந்த அளவு ஆபத்து இல்லை, லைகமிங்கின் அந்த எஞ்சின் ஊரெல்லாம் கிடைக்கும். ஆனால் உங்கள் விமானத்துக்கென்று செய்த காற்றுத் தகட்டையும் இணைப்புப் பாகங்களையும் தருபவர் சான்றிதழ்க்காரர் ஒருவர்தான்.

யாருக்குத்தான் இது தேவை?

சிலருக்கு நிச்சயம் தேவை. கொலராடோ மாநிலம் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் நாளில் அங்கே காற்று 12,500 அடியில் இருப்பதுபோல மெலிந்துவிடும். முழுச் சுமையோடு உள்ள 172-என் அங்கே நிமிடத்துக்கு 180 அடி ஏறுமா என்பதே சந்தேகம். 180 குதிரைத்திறன் அதை 300-க்கு மேல் கொண்டுபோகும். மலைகள் சூழ்ந்த இடத்தில் அந்த வித்தியாசம்தான் எல்லாம். தண்ணீரில் இறங்க மிதவை மாட்டியவர், கிளைடர் இழுப்பவர், குட்டையான புல்வெளி ஓடுபாதையை வீடாகக் கொண்டவர் ஆகியோரும் இதே வரிசை. இவர்கள் எல்லாரும் வாங்குவது ஏற்றத்தை மட்டும். வேகத்துக்கோ மறுவிற்பனைக்கோ வாங்கவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறார்கள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும். போன வருஷம் எந்தப் பயணத்தை 160 குதிரைத்திறனால் செய்ய முடியாமல் கைவிட்டீர்கள்? பதில் ஏற்றம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், முதலில் மலிவான வழிகளைப் பாருங்கள். விடிகாலையில் கிளம்புங்கள். டாங்க்கைப் பாதி நிரப்புங்கள். ஏற்றத்துக்கேற்ற வளைவு கொண்ட புரொப்பெல்லரை விசாரியுங்கள். அதுவும் போதாதென்றால் எஞ்சினை மாற்றுங்கள், எடையை மட்டும் கூட்டாதீர்கள். பதில் மழை, மேகம், வேலை, வீட்டு விசேஷம் என்று வந்தால் எஞ்சின் குற்றவாளி இல்லை.

அந்த 25,000 டாலர், மணிக்கு 8.4 கேலன் கணக்கில் கிட்டத்தட்ட 500 மணி நேரப் பெட்ரோல். வருஷத்துக்கு 80 மணி நேரம் பறப்பவருக்கு ஆறு வருஷப் பெட்ரோல். அந்தப் பெட்ரோலை எரித்துப் பறந்தால் கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்காது, விமானியின் கையும் துருப்பிடிக்காது. விமானத்தில் கூடுதலாகப் பூட்டும் இருபது குதிரை இந்த இரண்டு துருவையும் தடுக்காது. பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.